தூக்கு, வண்டி வர்து

எங்கள் சந்தில் அக்காக்களுக்குக் குறைவில்லை. பால் அக்கா, பூக்கார அக்கா, மாடி வீட்டு அக்கா என்று ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஓர் அடையாளம் ஒட்டியிருக்கும். எதுவும் ஒட்டாமல் வெறும் "அக்கா" என்றால், அது தண்டவாளத்தின் நடுவே இஸ்திரி வண்டியை நிறுத்தித் துணி தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்திதான். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "இன்னா அண்ணாச்சி, என்னியப் போய் பேப்பர்ல போட்டுக்கினு கீறே?" என்று போன் போட்டுக் கத்துவாள். அந்தக் கத்தலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். திருவொற்றியூரில் மளிகைக்கடை போட இடம் பார்க்க வந்தபோது, எனக்கு மிகவும் பிடித்தது கடைக்கு முன்னால் நீளமாகக் கிடந்த வெற்றிடம். அதன் ஒரு பக்கம் எங்கள் சந்து. சந்தின் முதுகில் ஒரு குடோனின் உயரமான மதில். மறுபக்கம் பெரிய தெரு, அதைத் தாண்டினால் எண்ணூர் நெடுஞ்சாலை. நடுவில் கிடந்த அந்த இடத்தில் சிலர் கட்டில் போட்டுத் தூங்கினார்கள், சிலர் கேரம் ஆடினார்கள். பாய் விரித்துக் கருவாடு காயவைத்திருந்தார்கள். புல்லுக்குள் இரண்டு தண்டவாளங்கள் தெரிந்தன. ஏதோ பழசு, உயிர் போனது என்று நினைத்துக்கொண்டேன். கடை திறந்த அன்று வந்த வெங்காய மூட்டைகளை அதன்மேலேயே அடுக்கிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் தூரத்தில் ஓர் ஊதல் கேட்டது. உடனே இஸ்திரி வண்டிப் பக்கமிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"தூக்கு, வண்டி வர்து. தூக்கு, தூக்கு."

சந்தே எழுந்து ஓடிவந்தது. கட்டில் போனது. கேரம் போர்டு காய்களோடு போனது. கருவாடு பாயோடு போனது. முன்பின் தெரியாத இரண்டு பேர் என் மூட்டை ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டார்கள். மெட்ராஸில் பட்டப்பகலில் கொள்ளையடிப்பார்கள் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்ததால், எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "ஏல, மூட்டையக் கீழ வைல. போலீசக் கூப்பிடுவேன்" என்று எடைக்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு பாய்ந்தேன்.

அக்கா தன் இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற போக்கில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னா அண்ணாச்சி, வெங்காயத்த ரயில்ல அனுப்பப் போறியா? டிக்கெட் எட்த்துகினியா?"

பிறகுதான் கூட்ஸ் வந்தது. கடலோரம் இருந்த ஏதோ ஒரு தொழிற்சாலைக்குப் போகிற வண்டி. அதற்கு முன்னால் ஒருவர் கொடியோடு நடந்துவந்தார். வண்டி அவரை முந்தாத வேகத்தில் பின்னால் வந்தது. நான் எடைக்கல்லோடு நின்றுகொண்டிருந்தேன். கடைசிப் பெட்டி கடந்ததும் கட்டிலும் கேரமும் கருவாடும் எடுத்த இடத்துக்கே திரும்பிவந்தன. என் மூட்டைகள் நான் அடுக்கியதைவிட ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. "கல்ல உள்ள வையி. கையி வலிக்கப் போவுது" என்றாள் அக்கா.

அந்தச் சந்தின் சட்டம் அதுதான். ஊதல் கேட்டால் யார் பொருள், யார் கை என்று பார்க்கக் கூடாது. கைக்கு எது கிடைக்கிறதோ அதைத் தூக்க வேண்டும். வண்டி போனதும் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். பால் அக்காவின் வீட்டுக்காரரும் மாடி வீட்டு அக்காவின் வீட்டுக்காரரும் தண்ணீர்க் குழாய் தகராறில் பேச்சு வார்த்தையை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் ஊதல் கேட்டால் இருவரும் ஒரே கட்டிலின் இரண்டு முனையில் நிற்பார்கள். கட்டிலை இறக்கிய கையோடு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதைப் பார்ப்பதற்காகவே நான் கூட்ஸுக்குக் காத்திருந்ததுண்டு.

அக்காவுக்கு ரயில் ஒரு சாக்குதான். வழி அடைபட்டுக் கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. என் கடைக்குள் வருவாள்; கேட்காமலே பருப்பு மூட்டையை உள்ளே தள்ளி, எண்ணெய் டின்னை ஓரம் கட்டி, "இத்த இப்டி குறுக்கால வெச்சா ஜனம் எப்டி பூந்து வரும்?" என்பாள். அவள் போன பிறகு நான் எல்லாவற்றையும் பழையபடி வைப்பேன். மறுநாள் வந்து மறுபடியும் தள்ளுவாள். கடைசியில் நான்தான் தோற்றேன். உண்மையைச் சொன்னால், கடையில் நடமாட அதற்குப் பிறகுதான் வசதியாக இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஏறினாலும் அப்படித்தான். கைக்குழந்தைக்காரிக்கு இடம் பிடித்துக் கொடுப்பாள், கூடைக்காரிக்கு இடம் பிடித்துக் கொடுப்பாள், தான் மட்டும் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வருவாள். சந்தில் யார் செத்தாலும் பாடைக்கு முன்னால் போவது மேளம் அல்ல, அக்கா. "ஓரம் போ, ஓரம் போ, ஆளு போவுது" என்று அவள் சொல்லும்போது செத்தவருக்கே ஒரு மரியாதை வந்துவிடும். இத்தனைக்கும் அவள் வீட்டுக்குள் காலை வைக்க முடியாது. ஒற்றை அறை முழுக்க ஊர்த் துணி மூட்டை. உள்ளே போக வேண்டுமானால் அவளே ஒருக்களித்துத்தான் போவாள். "ஒன் வீட்டுக்கு யாருக்கா வழி விடுவா?" என்று ஒரு தடவை கேட்டேன். "என் வூட்டுக்கு யாரு நைனா வர்றாங்க?" என்று சொல்லிச் சிரித்தாள். கட்டியவன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை குட்டி இல்லை. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மாடி வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். மண்டபம் ராயபுரத்தில். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நெடுஞ்சாலையில் வால் நீட்டி நிற்பது அந்தப் பக்கத்தில் தினப்படி சங்கதி. அன்றைக்குப் பெண் உட்கார்ந்திருந்த ஆட்டோ இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் நெருங்குகிறது, பெண்ணின் தாயார் அழுகிறாள். பின்னால் வந்த ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினாள். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு லாரிக் கதவையும் உள்ளங்கையால் தட்டி, தெரிந்த இந்தியில் கொஞ்சம் பின்னால் போகச் சொன்னாள். "அரே பாய், தோடா பீச்சே. கல்யாணம், கல்யாணப் பொண்ணு." தூக்கத்திலிருந்து எழுந்த டிரைவர்கள் கீழே பார்த்தார்கள், தலை நிறைய மல்லிகைப்பூவோடு ஆட்டோவில் பெண் தெரிந்தாள். ஒரு லாரி ஒரு முழம் பின்னால் போனது, இன்னொன்று ஒரு முழம் முன்னால் போனது. ஆட்டோ நுழைந்து நுழைந்து போக, அக்கா அதற்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். தாலி கட்டும்போது அவள் மண்டபத்தில் இல்லை. ஏன் என்று கேட்டால், மாப்பிள்ளை வீட்டு வேன் பின்னால் சிக்கிக்கொண்டிருந்ததாம், அதை மீட்கப் போய்விட்டாளாம்.

பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். கூட்ஸ் நின்றது. தண்டவாளத்தில் துரு ஏறியது, எருக்கஞ்செடி ஆள் உயரம் வளர்ந்தது. குப்பை கொட்ட ஆரம்பித்தார்கள். மழை பெய்தால் சேறும் குப்பையுமாகக் கலீஜாகிவிடும். அப்போதும் அக்கா தன் வண்டி நிற்கிற இடத்தை மட்டும் கூட்டிவைத்துக்கொண்டு, "பாதைய பாதையா வெச்சிக்கணும்" என்பாள்.

அந்தப் பாதையைத்தான் நடைபாதையாக மாற்றப்போவதாக ஒரு நாள் அளக்க வந்தார்கள். ரயில் நிலையத்துப் பக்கமிருந்து கடலோரம் வரைக்கும் செடி, விளக்கு, உட்காரக் கல் பெஞ்சு, காலையில் நடக்கிறவர்களுக்குத் தனித் தளம். தண்டவாளத்தை எடுக்காமல் அப்படியே பதித்துவிடுவார்களாம். சந்துக்குத் தலைகால் புரியவில்லை. குப்பை போனது, எருக்கு போனது, வேப்பங்கன்று வந்தது. அக்கா வேலையாட்களுக்குக் காலையில் நாஸ்டா வாங்கிவந்து கொடுத்தாள்.

அப்புறம் வேலி வந்தது. பாதையின் இரண்டு பக்கமும் ஆளுக்கு மேல் உயரத்தில் கம்பி வேலி. எங்கள் சந்து வாசலில் ஒரு கேட், எதிர்ப்பக்கம் பெரிய தெருவுக்கு ஒரு கேட். பொருட்காட்சியில் இருக்குமே, ஒருவர் உள்ளே நின்று தள்ளினால் சுற்றி வெளியே விடுகிற இரும்புக் கேட், அந்த மாதிரி. மோட்டார் சைக்கிள்கள் நுழைந்து பந்தயம் ஓட்டக் கூடாது என்பதற்காக. காரணம் நியாயம்தான். ஆனால் எங்களுக்குப் பின்னால் குடோன் மதில். உலகத்துக்குப் போக அந்த ஒரு வாசல்தான் வழி. ஆள் போகலாம், சாமான் போகாது. கேஸ் சிலிண்டர்காரர் வெளியிலேயே வைத்துவிட்டுப் போனார். என் கடைக்கு மூட்டை வரவில்லை; பிரித்துப் பிரித்துப் பைகளில் தூக்கினேன். அக்காவின் இஸ்திரி வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது. தேய்த்த துணியை அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டுக்குள் போய் வெளியே வருவதற்குள், சட்டை தேய்க்கவே இல்லாதது போல ஆகிவிடும். வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் பெரிய தெருப் பக்கம். ஒவ்வொருவராக வேறு ஆளிடம் போனார்கள்.

இந்த வேலையைப் பார்த்துக்கொண்ட இன்ஜினீயர் ஒரு சின்ன வயசுப் பெண். பொறுமைசாலி. அவரிடம் போய் அக்கா கேட்டாள்: "மேடம், கட்டிலு எப்டி போவும்? பிரிட்ஜு எப்டி வரும்?"

"இது நடக்கிறதுக்கான பாதைம்மா. வாசலைப் பெருசா விட்டா பைக் வந்துடும்."

"அப்ப எங்க சந்துல சாவுறவன் எயுந்து நடந்துதான் போவணுமா மேடம்?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே என்ன சொன்னார்களோ, கேட் அப்படியே இருந்தது. அக்கா கரியை ஊதிப் பெட்டியைச் சூடு பண்ணிவிட்டு, துணி வராமல் சும்மா உட்கார்ந்திருந்ததை அந்த நாட்களில்தான் பார்த்தேன். எனக்கு அது பொறுக்கவில்லை. மிச்சமிருந்த பருப்பு மூட்டையை வேண்டுமென்றே குறுக்கே போட்டுவைத்தேன். அவள் வந்து தள்ளவில்லை.

திறப்பு விழா எங்கள் சந்து வாசலுக்கு முன்னால்தான் நடந்தது, அங்கேதான் பாதை அகலம் என்பதால். பாதை வழியாகவே கொண்டுவந்து கம்பளம் விரித்தார்கள், நாற்காலி போட்டார்கள், பெரியவர்களுக்கு ஒரு சிவப்பு சோபா வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. சிறப்பு விருந்தினர் தலைப்பாகையும் மாலையுமாகச் சோபாவிலிருந்து எழுந்து கத்தரிக்கோலைக் கையில் வாங்கினார். எங்கள் சந்து முழுவதும் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றது. அக்கா கடைசியில், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

மைக் செட்காரருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. பழைய ரயில் பாதை ஆயிற்றே, ரிப்பன் வெட்டுகிற நேரத்தில் ரயில் ஊதல் சத்தம் போட்டால் நன்றாக இருக்கும் என்று பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். போட்டார்.

"தூக்கு, வண்டி வர்து. தூக்கு, தூக்கு."

அக்கா யோசித்துக் கத்தவில்லை. சந்தும் யோசித்துத் தூக்கவில்லை. கம்பளம் சுருண்டது. நாற்காலிகள் தலைக்கு மேலே போயின. பூக்கார அக்கா குத்துவிளக்கை, சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு, அணையாமல் தூக்கினாள். பால் அக்காவின் வீட்டுக்காரரும் மாடி வீட்டுக்காரரும் சோபாவை ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒலிபெருக்கி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினேன். பால் அக்கா சிறப்பு விருந்தினரின் முழங்கையைப் பிடித்து, "ஓரம் வா நைனா, ஓரம் வா" என்று மாலையோடு அவரை வேலியோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

சோபா கேட்டில் போய்ச் செருகிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அதற்குப் பின்னால் கம்பளம், நாற்காலி, விளக்கு, விருந்தினர், நாங்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து வேலியில் ஒட்டிக்கொண்டு நின்றோம். பாதை சுத்தமாகக் காலியாக இருந்தது. ரிப்பன் மட்டும் அங்கே தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

வண்டி வரவில்லை என்பது எங்களுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்தேன்.

விருந்தினர் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு, "எங்கம்மா வண்டி?" என்று கேட்டார்.

அக்காவின் குரல் அன்றைக்குத்தான் தணிந்து கேட்டது. "பயக்க தோசம் சார். ஊதுனா தூக்கிருவோம். ஆனா இப்ப தூக்குனாலும் போவ வழி இல்ல சார். தோ, நீங்களே மாட்டிக்கினு கீறீங்க."

அவர் சோபாவைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், தன் முழங்கையை இன்னும் விடாமல் பிடித்திருந்த பால் அக்காவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அதைப் பார்த்து எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, பேசாத பகையாளியின் தோளில் சாய்ந்துவிட்டார். இன்ஜினீயர் பெண்தான் முதலில் நிதானத்துக்கு வந்தார். கான்ட்ராக்டர் ஆளைக் கூப்பிட்டு, "ஸ்பேனர் இருக்கா? கேட்டைக் கழட்டுங்க" என்றார். கூடவே அக்காவைப் பார்த்து, "பைக் வந்தா?" என்றார்.

"நான் இன்னாத்துக்கு கீறேன் மேடம்?"

கேட்டைக் கழற்றினார்கள். சோபா சந்துக்குள் போய்விட்டுத் திரும்பிவந்தது, சட்டப்படி எடுத்த இடத்திலேயே. ரிப்பன் வெட்டினார்கள். கேட்டை மறுபடி மாட்டவே இல்லை. எதிர்ப்பக்கத்துக் கேட்டையும் மறுநாளே எடுத்துவிட்டார்கள். அந்த அகலமான வாசலின் ஓரத்தில் இஸ்திரி வண்டி வந்து நின்றது. பிறகு அங்கே ஒரு மோட்டார் சைக்கிளும் நுழைந்ததாக நான் பார்க்கவில்லை. வாழ்க்கையிலேயே அக்கா வழிமறித்தது மோட்டார் சைக்கிள்காரர்களை மட்டும்தான்.

அன்று சாயந்திரம் சந்து முழுவதும் நடக்கக் கிளம்பியது. அப்போதுதான் எங்களுக்கே ஒரு விஷயம் புரிந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பாதையை நாங்கள் குறுக்கே கடந்திருக்கிறோமே தவிர, நீளவாக்கில் ஒருவரும் நடந்ததில்லை. வண்டி எங்கிருந்து வந்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அக்கா முன்னால் போனாள், வழக்கம்போல. ஒரு பட்டறையின் பின்பக்கம் வந்தது, ஒரு மசூதியின் பச்சைச் சுவர் வந்தது, முருங்கை மரங்கள் வந்தன. ஒவ்வொரு சந்து வாசலிலும் எங்களைப் போலவே ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. எங்களோடு வந்த பிள்ளைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, அக்கா பழக்கத்தில் ஒரு குரல் கொடுத்தாள்: "ஓரம் வாங்கடா, ஓரம் வாங்க."

பட்டறையின் பின்வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார். "இரு, இரு. இந்தக் கொரலு நீதானா?"

"எந்தக் கொரலு?"

"தூக்கு தூக்குன்னு ஒரு கொரலு வருமே. இங்க மிசின் ஓடிக்கினு இருக்கும், ஊதறது எங்க காதுல வுழாது. அந்தக் கொரல் கேட்டுதான் நாங்க எல்லாத்தையும் எடுப்போம். எங்க ஆளு ஒர்த்தன் அப்டியே அடுத்த சந்துக்குக் கத்துவான்." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "யாரோ ஆம்பளைன்னு நெனச்சிக்கினு இருந்தேன் தாயி" என்றார்.

அக்கா வந்த பாதையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அடுத்த சந்திலும் கேட்டார்கள், அதற்கடுத்ததிலும் கேட்டார்கள். பாதை முடிகிற இடத்தில் மூடிய தொழிற்சாலையின் கதவு, அதன் பக்கத்தில் கருங்கல் குவியல், அதற்கு அந்தப் பக்கம் கடல். அக்கா கல்லின் மேல் ஏறி நின்று கடலைப் பார்த்தாள். "இம்மாந்தூரமாடா கேட்டுக்குது என் கொரலு" என்றாள். எங்களிடம் சொன்னாளா, தன்னிடமே சொன்னாளா என்று தெரியவில்லை. முகம் முழுக்க அப்படி ஒரு வெளிச்சம். நாங்கள் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு மெதுவாகத் திரும்பி நடந்தோம்.

அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போய், ஊர்க் கடையைப் பார்த்துக்கொள்ள நான் தூத்துக்குடிக்கே திரும்ப வேண்டி வந்தது. காலி செய்த அன்று வேன் பெரிய தெருவில் நின்றது. சாமானெல்லாம் பாதையைக் கடந்துதான் போக வேண்டும். சாயந்திர நேரம், காதில் பாட்டுக் கேட்கிற கருவி மாட்டிக்கொண்டு ஆணும் பெண்ணும் வேகநடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடையின் பெரிய பிரிட்ஜைப் பால் அக்காவின் வீட்டுக்காரரும் மாடி வீட்டுக்காரரும் தூக்கினார்கள். இப்போது அவர்கள் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் பிரிட்ஜை எப்படிச் சாய்ப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு. அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"ஓரம் போ, ஓரம் போ. அண்ணாச்சி போறாரு."

அந்த வார்த்தையை அவள் யார் யாருக்கெல்லாமோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். மணப்பெண்ணுக்கு, பாடைக்கு, பிரசவத்துக்குப் போனவளுக்கு. எனக்கும் ஒரு நாள் சொல்வாள் என்று நான் நினைத்ததில்லை. காதுக்கருவிக்காரர்கள் கூட நின்று வழி விட்டார்கள். பிரிட்ஜ் அந்த வாசலில் உரசாமல் போனது.

வேனில் எல்லாம் ஏறியதும் அக்கா பின்கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். "அண்ணாச்சி, திரும்பி வந்தா மூட்டையோட வா. எங்க வேணா வையி. தூக்க ஆளு கீது, போவ வழி கீது."

"வாறேன்க்கா" என்றேன்.

வேன் நெடுஞ்சாலைக்குத் திரும்புகிற வரைக்கும், பின்னால் அவள் யாரையோ ஓரம் போகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு, "கூடப் பொறந்தவங்களா சார்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.